பதினொரு அழைப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

டேட்டாபேஸோடு இணைக்கிற முயற்சி ஒன்பதாவது முறையாக இன்றும் தோல்வி. "இணைப்பு ஏற்கப்படவில்லை" என்று மட்டும் திரை சொல்கிறது. ஏன் என்று சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமாம்.

இரும்பு அலமாரியை ஓங்கி ஓர் உதை விட்டேன். கதவு குழிந்துவிட்டது. கால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. தண்ணீர் பிடிக்க வந்த, அவசர அழைப்பு அறையின் ஏழாம் மேஜை ஆபரேட்டர் என்னையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது என்ன சார் உங்களைத் திட்டிச்சு?" என்றாள். சிரிக்க முயன்றேன். மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

அலமாரிக்குப் பணம் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன். பிடிக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு வாரமாக நான் என்ன கேட்கிறேன்? டேட்டாபேஸைப் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு யூசர், உள்ளே போக ஒரு வாசல், அதாவது போர்ட். இதற்குப் பூதம் மூன்று படிவம் கேட்டார்.

பூதம் என்பது டேட்டாபேஸ் நிர்வாகிக்கு நாங்கள் வைத்த பெயர். புதையல் காக்கிற பூதம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இங்கே அவசர அழைப்பு என்று ஊர் முழுவதிலிருந்தும் வருகிற ஒவ்வொன்றும் — வெட்டு, குத்து, தீ, விபத்து — அவருடைய அந்த டேட்டாபேஸில்தான் விழுகிறது. மற்றவை மாதிரி டிஸ்கில் தேடிக்கொண்டிருக்காது. தகவல் பட்டியலான டேபிள்கள் அத்தனையையும் மெமரியிலேயே ஏந்திக்கொண்டு நிற்கும். கேட்ட மாத்திரத்தில் பதில். அதற்கு விலையும் உண்டு. இடம் போதாது என்று தொண்ணூறு நாள் தாண்டிய அழைப்பைத் துடைத்துவிடுகிறார்கள். ஆபரேட்டர் முன்னால் இப்போது வந்த அழைப்பு மட்டும்தான் தெரியும். அதே வீட்டிலிருந்து நேற்று யார் கத்தினார்கள் என்று தெரியாது.

துடைக்கிறதற்கு முன்னால் எல்லாவற்றையும் டேட்டா இன்டகிரேஷன் டூல் என்கிற மென்பொருள் வழியாக இழுத்து நிரந்தரக் கிடங்கில் சேர்க்க வேண்டும். பிறகு, புது அழைப்பு வரும்போது அந்த முகவரியின் பழைய கதையைத் திரையில் காட்ட வேண்டும். என்னை வேலைக்கு எடுத்ததே இதற்காக.

"போர்ட்டைத் திறந்துட்டேன்," என்றார் பூதம், என் முகத்தைப் பார்க்காமல். "நீ இழுக்கிற இழுப்புல என் டேபிள் ஒரு நொடி திணறினாலும், அங்க ஒருத்தன் ரத்தம் கக்கிட்டுக் காத்திருப்பான். மறந்துடாதே."

"தெரியும் சார்."

"தெரியாது. தெரிஞ்சவன் அலமாரியை உதைக்க மாட்டான்."

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் வாசலுக்கே வந்து தோளில் கை போட்டு அழைத்துப் போனார். அவருடைய டிரைவிங் ஸ்கூலில் போன மாதம் மட்டும் நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்களாம். சேராமல் என்ன? சுவரில் மோதினவனிடம்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். டூலுக்கு அந்த டேட்டாபேஸின் பாஷை தெரியாது, நடுவில் 'டிரைவர்' என்று ஒரு மென்பொருள் மொழிபெயர்க்க வேண்டும், அதன் பதிப்புதான் ஒத்துவரவில்லை என்றேன்.

"அட மச்சான், டிரைவர் சரியில்லைன்னா என்கிட்ட அனுப்பு. பத்தே நாள்ல தேத்தி அனுப்பறேன்."

வயிறு குலுங்கச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. மெலிந்துபோயிருக்கிறாள். கேட்டால் டயட் என்கிறாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. கேட்டால், வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏசி அதிகம் என்கிறாள்.

நல்ல சாப்பாடு. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் பொருத்தமானதைப் போட்டேன், பாதுகாப்புச் சான்றிதழைச் சேர்த்தேன், 'சோதி' பொத்தானை அழுத்தினேன் — பச்சை. நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினேன். பச்சை. பூதத்தின் அறைக்கே ஓடினேன். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பாராட்டு விழா.

முதல் இழுப்பில் நான்கு லட்சத்துச் சொச்சம் அழைப்புகள். நாளை சரிபார்க்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

எப்படி எழுதுவது.

வரிசையாகவே எழுதுகிறேன். ஒரே அழைப்பு இரண்டு தடவை ஏறியிருக்கிறதா என்று பார்க்க, போன் நம்பர் வாரியாக எண்ணச் சொன்னேன். சில நம்பர்கள் பல தடவை வந்தன. ஒரு நம்பர் பதினொரு தடவை. சரி, டூல் சொதப்பியிருக்கிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஏற்றியிருக்கிறது என்று திறந்தேன். சொதப்பவில்லை. பதினொன்றும் வேறு வேறு நாள், வேறு வேறு நேரம். நான்கு நொடி. ஒன்பது நொடி. பதினாறு நொடி. இரண்டு நொடி.

அதற்குப் பிறகுதான் நம்பரைப் படித்தேன். எந்தப் படிவத்திலும் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள' என்ற இடத்தில் நான் யோசிக்காமல் எழுதுகிற நம்பர்.

என் அக்கா.

முடித்த காரணம் என்ற இடத்தில் எட்டுத் தடவை 'தவறுதலான அழைப்பு'. மூன்று தடவை 'குடும்பத் தகராறு, அறிவுரை கூறப்பட்டது'.

கடைசி அழைப்பு மார்ச் 8, ஞாயிறு, மாலை நான்கு பத்து. நான் சாப்பிட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

ஒலிப்பதிவு கேட்க எனக்கு உரிமை இல்லை. ஏழாம் மேஜைக்கு உண்டு. பதினொன்றில் மூன்றை எடுத்தவள் அவள்தான். டீ இடைவேளையில் காலில் விழாத குறையாகக் கேட்டேன். முதலில் மறுத்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றித் தந்தாள்.

முதல் பதிவு, ஒன்பது நொடி. "அவசர உதவி, சொல்லுங்க." மூச்சு. மூச்சு. பிறகு அக்கா: "சாரி, தெரியாம அழுத்திட்டேன்." அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், ரொம்ப மெதுவாக, ரொம்பப் பொறுமையாக: "ம், அப்படித்தான். இப்ப கட் பண்ணு." கிளட்சை மெதுவா விடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

இரண்டாவதில் பேச்சே இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று. பிறகு துண்டிப்பு.

மூன்றாவதைக் கேட்கவில்லை. கழிவறைக்கு ஓடினேன். கதவில் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது, எழுத்து இப்படிக் கோணலாகப் போகிறது.

திரும்பி வந்தபோது ஏழாம் மேஜை அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு ஞாபகமே இல்ல சார். ஒரு நாளைக்கு நூத்திநாப்பது அழைப்பு எடுக்கறேன். ஒரே ஆள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தெரிந்திருக்காது. தெரிய வைப்பதுதானே என் வேலை. அதைத்தான் நான் முடிக்காமல் அலமாரியை உதைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

கடைக்குப் போனேன். ஒரு கிழவருக்கு ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் இறங்குகிறதா என்று அவ்வளவு பதமாகக் கேட்கிறாள். அவர் போகிறவரை காத்திருந்தேன்.

"பதினொரு தடவை கூப்பிட்டிருக்கே."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பையில இருக்கும்போது தானா அழுத்துப்பட்டுடும்டா. பழைய போன்."

"நான் கேட்டேன்க்கா. சத்தத்தைக் கேட்டேன்."

கவுன்டர் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். "உன்னை யாரு கேக்கச் சொன்னா? அது என்னோடது. என் போன், என் வீடு."

"கையைக் காட்டு."

காட்டவில்லை. பிடித்துச் சட்டைக்கையை மேலே இழுத்தேன். முழங்கை வரைக்கும் மஞ்சளும் நீலமும், ஒன்றின் மேல் ஒன்று. பழையது ஆறுவதற்குள் புதியது. நான் பிடித்த இடத்திலும் வலித்திருக்கிறது. 'ஸ்' என்றாள், கையை உதறி இழுத்துக்கொண்டாள்.

"போயிடு. நீ வந்தது தெரிஞ்சா இன்னும் ரெண்டு வாங்கணும்."

மார்ச் 15, ஞாயிறு

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"தெரியும்," என்றாள்.

தெரியும்!

"கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லியிருக்கேன். அடிக்கிற கைதான்டா அணைக்கும்."

அம்மாவுக்கு இடது காது கேட்காது. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கேட்காது. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா செத்துப் பதினைந்து வருஷமாகிறது, இன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றுகிறது.

மார்ச் 17, செவ்வாய்

பெரிய தப்புப் பண்ணிட்டேன்.

தொண்ணூறு நாளுக்கு முந்தியும் ஏதாவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. எத்தனை நாளாக நடக்கிறது? எத்தனை வருஷமாக? புதிதாக வந்தவற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்படி வைத்திருந்ததை மாற்றி, எல்லா டேபிளையும் ஒட்டுமொத்தமாக இழுக்கச் சொன்னேன். பகல் பன்னிரண்டு மணிக்கு. அழைப்புகள் குவிகிற நேரத்தில்.

முப்பத்தொரு நொடி. அழைப்பு அறையின் திரைகள் எல்லாம் முப்பத்தொரு நொடி உறைந்துபோயின.

பூதம் இழுப்பை நிறுத்திவிட்டு என் அறைக்கு வந்தார். அவ்வளவு வயதானவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, அந்தக் குழிந்த அலமாரியிலேயே அடித்தார். பின்மண்டை மோதியது. பொத்தான் தெறித்தது. இன்னொரு தடவை மோதினார்.

"பஸ் ஸ்டாப்புல ஒருத்தனை எவனோ கழுத்துல குத்திப்போட்டிருக்கான். அவன் பொண்டாட்டி துப்பட்டாவை வெச்சு அழுத்திக்கிட்டு லைன்ல நிக்கறா. எங்க பிள்ளைங்களால முகவரியை ஏத்த முடியல. முப்பத்தோரு நொடி! கழுத்துல இருந்து முப்பத்தோரு நொடிக்கு எவ்ளோ ரத்தம் போகும்னு உனக்குத் தெரியுமாடா?"

அவன் பிழைத்துவிட்டான். மாலையில் தெரிந்தது. தெரிகிற வரைக்கும் நான் என் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தேன். பூதம் போய்விடாமல் எதிரே நாற்காலியில் இருந்தார்.

"எதுக்குடா அப்படிப் பண்ணினே?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். ஒலிப்பதிவைக் கேட்டதையும்.

கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நீ அதைப் பாத்ததும் தப்பு, கேட்டதும் தப்பு. ஆனா பாத்தாச்சு. முறையா மேல எழுதிக் குடு. 'இந்த முகவரியில தொடர்ந்து அழைப்பு வருது, போலீஸ் போய்ப் பாக்கணும்'னு. நானும் கையெழுத்துப் போடறேன். அது வரைக்கும் நீ அந்த வீட்டுப் பக்கம் போகாதே. உன் கையைப் பாத்தாலே தெரியுது."

மார்ச் 18, புதன்

எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டு கையெழுத்து.

மார்ச் 19, வியாழன்

இழுப்பைப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை, புதிய வரிகள் மட்டும் என்று திருத்தி அமைத்தேன். பூதம் பக்கத்திலேயே நின்று மெமரி அளவைப் பார்த்தார். அசையவே இல்லை. ஒரே வீட்டின் முகவரியை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பதைச் சேர்த்துக் கட்டுகிற வேலையும் முடிந்தது. நாளையிலிருந்து நான்கு மேஜைகளில் வெள்ளோட்டம். ஏழாம் மேஜையும் அதில் ஒன்று, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மேலிடத்தின் பதில்: பரிசீலனையில் உள்ளது.

மார்ச் 20, வெள்ளி

பரிசீலனையில் உள்ளது.

மார்ச் 21, சனி

அக்கா போனை எடுக்கவில்லை. ஆறு தடவை.

மார்ச் 24, செவ்வாய்

ஜாமீனில் வந்தேன். வலது கை மாவுக்கட்டில். இடது கையால் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வருகிறது. அதுவும் நல்லதுதான். ஒன்றையும் தாண்டிப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். போகாதே என்றார் பூதம். போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அக்கா சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். இடது முன்கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. உதடு பிளந்திருந்தது. அத்தான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார், நகத்துக்கு இடையிலெல்லாம் சோப்புப் போட்டு.

"வா மச்சான். வழுக்கி விழுந்துட்டா. தரை ஈரமா இருக்கு, பாத்து நடன்னு எத்தனை தடவை சொல்லுவேன்?"

அதே குரல்.

நடையில், கார் மேலே மாட்டுகிற 'எல்' பலகை சாத்தியிருந்தது. இரும்புச் சட்டம் போட்டது. அதை எடுத்தேன். முதல் அடி தோளில். திரும்பினார். இரண்டாவது தாடையில். எலும்பு உடைகிற சத்தம் காதில் விழுந்தது, அது எனக்கு — எழுதிவிடுகிறேன் — அது எனக்கு இனித்தது. அவர் விழுந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இரண்டு போக இன்னும் ஒன்பது காயம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் எண்ணவில்லை. கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், கையில் அடித்தேன். கையை எடுத்தார், முகத்தில் அடித்தேன். பலகை வளைந்தபோது எறிந்துவிட்டு முஷ்டியால் அடித்தேன். என் கை உடைந்தது அப்போதுதான்.

அக்கா "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்தியிருக்கிறாள். கேட்கவில்லை. நகர்ந்து வந்து என் காலைப் பிடித்தாள். யார் என்று பார்க்காமல் உதைத்தேன். நெஞ்சில் பட்டது. பின்னால் போய் விழுந்தாள், உடைந்த கை அடியில் மாட்டியது. அப்போது அவள் போட்ட அலறலில்தான் நின்றேன்.

அக்காவை அடித்தேன். நானும்.

எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் கதவைத் தட்டினேன். "அக்கா, நான்தான், திற." என் கையிலிருந்து கதவெல்லாம் ரத்தம். உள்ளேயிருந்து அவள் போனில் பேசுவது கேட்டது.

"கதவை உடைக்கிறான். சீக்கிரம் வாங்க. கொன்னுடுவான்."

என்னைச் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்று நிமிஷம் ஐம்பது நொடியில் வந்தார்கள். ஒரு வண்டி இல்லை, இரண்டு. அழைப்பு ஏழாம் மேஜைக்குப் போயிருக்கிறது. முகவரி ஏறியதும் திரையில் சிவப்பாக வந்ததாம்: இந்த வீட்டிலிருந்து முன்பு பதினொரு அழைப்புகள். அவள் அழைப்பை முடிக்கவே இல்லை. "கதவைத் திறக்காதீங்க, நான் லைன்லதான் இருக்கேன், போக மாட்டேன்" என்று வண்டி வருகிறவரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அக்காவை வெளியே கூட்டிவந்த பெண் போலீஸ், "யாரும்மா?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். உடைந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, தாடையால் காட்டினாள்.

என் முகம் தரையில் அழுத்தப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் பெண் போலீஸ் குனிந்து அவளிடம் பேசுவது மட்டும் தெரிந்தது. "இதுக்கு முன்னாடி பதினொரு தடவை கூப்பிட்டிருக்கீங்க. அதெல்லாமும் இவரா?"

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வண்டிக் கதவைச் சாத்தும்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலையிலிருந்து நீக்கம். பார்க்கக் கூடாத பதிவைப் பார்த்தது, கேட்டது, முப்பத்தொரு நொடி. எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறது. என் பொருட்களைப் பூதமே ஒரு பெட்டியில் கொண்டுவந்து தந்தார்.

"அறிக்கை நான்தான் எழுதினேன். ஒரு வார்த்தை பொய்யில்லை."

"தெரியும் சார்."

"இணைப்பு எல்லா மேஜைக்கும் போயிடுச்சு. அதையும் எழுதியிருக்கேன். நீ கட்டினதுன்னு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஏழாம் மேஜையின் மீதும் விசாரணை இருக்கிறதாம். என்னால். போகும்போது என் மண்டையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், அவர் மோதிய இடத்தை.

ஏப்ரல் 20, திங்கள்

அக்காவைப் பார்க்கவோ பேசவோ கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. கடை முதலாளியம்மா வீட்டு மாடி அறைக்கு அவள் குடிபோய்விட்டதாக அம்மா சொன்னாள். அத்தான் தாடையில் கம்பி போட்டு, ஆஸ்பத்திரியில், போலீஸ் காவலோடு.

ஏழாம் மேஜைக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்றாம். அந்த ஒரு விஷயத்திலாவது நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மே 4, திங்கள்

வக்கீல் ஒரு வழி சொன்னார். அத்தான்தான் முதலில் பலகையை எடுத்தார், நான் பிடுங்கித் தற்காப்புக்காக அடித்தேன் என்று சொல்லலாமாம். அக்கா தன் வாக்குமூலத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். அம்மா அதற்குள் அக்காவிடம் போய் அழுதுவிட்டும் வந்திருக்கிறாள்.

"அவ கல்லுடா," என்றாள் அம்மா. "'என்ன நடந்துச்சோ அதைத்தான் சொல்வேன்'கறா. கூடப் பிறந்தவன்னு ஒரு ஈவிரக்கம் வேண்டாமா? உன் முகம் அப்ப அவர் முகம் மாதிரியே இருந்துச்சுன்னு வேற சொல்றா."

சோற்றுத் தட்டை எறிந்தேன். சுவரில் பட்டுச் சிதறியது. அம்மா சட்டென்று கையைத் தூக்கினாள், என்னை அடிப்பதற்கு இல்லை. இடது காதை மூடிக்கொள்வதற்கு.

இவ்வளவு வயதுக்கு மேலும் அந்தக் கை தானாகப் போகிறது.

தரையைத் துடைத்தேன். சுவரைத் துடைத்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அவளுக்குக் கேட்கிற காதின் பக்கம் உட்கார்ந்து. பிறகு வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"ஒத்துக்கறேன் சார். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை."

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க."

"அவங்களை மாத்திச் சொல்லச் சொல்லி இனிமே யாரும் போகக் கூடாது. அம்மாவும்."

ஜூன் 9, செவ்வாய்

ஐந்து மாதச் சிறை.

எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அக்காவின் வாக்குமூலத்தைப் படித்தார்கள். "அவர் விழுந்த பிறகும் தம்பி அடித்தான். தடுத்த என்னையும் உதைத்தான்." உண்மையா என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன்.

அக்கா மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். கையில் அறுவை செய்த தழும்பு நீளமாகத் தெரிந்தது. அதை அவள் மூடிக்கொள்ளவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

ஜூன் 27, சனி

இங்கே பேனா தருவதில்லை, பென்சில்தான். முந்தாநாள் குளிக்கிற வரிசையில் ஒருவன் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனான். கை எழுந்துவிட்டது. எழுந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 18, சனி

இன்று கை எழவில்லை என்று பெருமையாக எழுதலாம் என்றிருந்தேன். எழுந்தது. ஒருவன் மூக்கில் ரத்தம். பத்து நாள் தனி அறை.

ஆகஸ்ட் 6, வியாழன்

பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார்கள். அம்மா என்று நினைத்துப் போனேன்.

அக்கா.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. முகத்தில் சதை பிடித்திருக்கிறது.

"அவர் மேல இருந்த கேஸ் முடிஞ்சது," என்றாள். "ஒன்னேகால் மணி நேரம் பேசினேன். தண்ணிகூடக் கேக்கல. பதினொரு நாளும் தேதி வாரியா இருந்துச்சு, அதனால நான் எதையும் மறக்கல. அந்த ஆபரேட்டர் பொண்ணும் வந்து சாட்சி சொல்லிச்சு. நாலு வருஷம் போட்டிருக்காங்க."

"நல்லது."

"எது நல்லது? எட்டு வருஷம் அவரோட வாழ்ந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா தூக்கம் வருது இப்ப. கதவைத் தாழ் போட்டதும் வந்துடுது."

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழை வந்தால் வலிக்கிறதாம், மற்றபடி கடையில் ஃபிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்குகிற அளவுக்குத் தேறிவிட்டதாம். என் கையைக் கேட்டாள். விரல் இரண்டு முழுக்க மடங்காது என்றேன்.

காவலர் நேரம் முடிந்தது என்று சைகை காட்டினார். கேட்காமல் விட்டால் இந்த ஜென்மத்துக்கும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"என்னைப் பாத்தா உனக்குப் பயமா இருக்காக்கா?"

என் முகத்தை நன்றாகப் பார்த்தாள், கடையில் ஃபிரேம் போட்டுப் பார்க்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி, நிதானமாக.

"கொஞ்சம் இருக்கு," என்றாள்.

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அடுத்த வியாழக்கிழமையும் எனக்கு அரை நாள் லீவுதான். வரேன்."